சின்னச் சாதிக்கு இருபது அடி

ஸ்ரனிஸ்லஸை முதலில் மடக்கிய சொல் ‘ரேஸ்’. அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம். விளையாட வருகிறவர் முதலில் தன்னுடைய ரேஸைத் தெரிவுசெய்ய வேண்டும் என்று மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அவனுக்குத் தெரிந்த ரேஸ் இரண்டு. ஒன்று சைக்கிள் ரேஸ், மற்றது கோயில் திருநாளுக்கு விடுகிற தோணி ரேஸ். ஒவ்வொரு ரேஸுக்கும் வேகம் எத்தனை அடி என்று வேறு கீழே எழுதியிருந்தபடியால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

“இது ஓட்டப்போட்டிப் புத்தகம்,” என்று மனைவி ஜெயரூபினியிடம் சொன்னான்.

இரண்டு நாள் கழித்து அவள் கேட்டாள்: “ஆர் வெண்டது?”

“ஒருத்தரும் வெல்லேல்லை. எல்லாருமாச் சேந்து ஒரு குகைக்குள்ள போகினம்.”

“பிறகு?”

“உள்ள ஒரு பூதம் இருக்கு. அது அடிக்குது.”

“இதுக்கெல்லாம் புத்தகமோ? எங்களைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பமே.”

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு, வைகாசி மாதம். நெடுங்கேணிப் பக்கம் ஷெல் விழுகிற சத்தம் பகலிலும் கேட்கத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டில் யாரோ சேர்த்து அனுப்பிய பழைய புத்தகங்கள் ஒரு பெட்டி இடம்பெயர்ந்த பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வந்தது. பெட்டியைச் சுமந்து இறக்கியவன் ஸ்ரனிஸ்லஸ். கணக்கையும் விஞ்ஞானத்தையும் ஆசிரியர்மார் எடுத்துக்கொள்ள, மிஞ்சிய ஒன்று அவன் கைக்கு வந்தது. அடுப்பு மூட்டத்தான் கொடுத்தார்கள். சீனி சுற்றி வருகிற பேப்பர்த் துண்டைக்கூட விரித்து வாசிக்கிற காலம் அது. முழுப் புத்தகத்தை அடுப்பில் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

புத்தகத்தில் இருந்தது காசு கட்டி ஆடுகிற ஆட்டமில்லை. நாலைந்து பேர் சுற்றி இருந்து, ஒவ்வொருவரும் ஒரு ஆளாக மாறி, நான் இதைச் செய்கிறேன், நான் அங்கே போகிறேன் என்று வாயால் சொல்லி ஆடுவது. நடத்துகிறவர் சட்டம் பார்த்துச் சரி பிழை சொல்லுவார். ஆளாக மாறுகிறவர் மனிதராகவே இருக்க வேண்டியதில்லை. தாடி வைத்த கட்டை ஆட்கள், கூர்க்காது வைத்த காட்டு ஆட்கள், இடுப்பளவே வளர்கிற ஆட்கள், பாதி பூதமானவர்கள் என்று பல வகை. அந்த வகைக்குத்தான் ரேஸ் என்று பெயர் என்பது எட்டாம் பக்கத்தில் அவனுக்கு விளங்கியது.

தமிழில் என்ன சொல்வது? ‘இனம்’ என்று நினைத்துப் பார்த்தான். பேப்பரில் தினமும் வருகிற சொல். அதை எடுத்துக் குள்ளனுக்கும் பூதத்துக்கும் சூட்ட ஒரு மாதிரி இருந்தது. ‘சாதி’ என்று வைத்தான். அவனுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அவன் பிறந்த கரையில் வலை ஏறியதும் எல்லோரும் கேட்பது, இண்டைக்கு என்ன சாதி மீன் பட்டது என்றுதான்.

செபமாலை மகன் ஸ்ரனிஸ்லஸ் பிறந்தது முல்லைத்தீவுக் கரையில், கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே. தகப்பன் கரைவலை இழுத்தவர். பங்குச் சுவாமி ஒருவர் பொடியங்களை இருத்தி ஆங்கிலம் படிப்பித்தார், அதில் கொஞ்சம் ஒட்டியது. ஓ.எல். சோதனை எழுதிவிட்டுக் கடலுக்குப் போனான். தொண்ணூறில் ஆமி முகாமைச் சுற்றிச் சண்டை தொடங்க, கரையை விட்டு எழும்பித் தண்ணீரூற்றுக்கு வந்தார்கள். அங்கேதான் ஜெயரூபினியைக் கட்டினான். கோயிலென்று இருந்தது ஒரு தகரக் கொட்டில். மாப்பிள்ளைக்கு வேறொருவரின் சப்பாத்து, அதுவும் இரண்டு அளவு பெரிது. தொண்ணூற்றாறு ஆடியில் அங்கேயும் ஷெல் வந்தது. அப்போது ஜெயரூபினிக்கு ஏழு மாதம். ஒட்டுசுட்டான் றோட்டோரம், ஒரு பாலை மரத்தின் கீழ், முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் சேலை பிடித்து மறைக்க, பிள்ளை பிறந்தது. அழவில்லை. அதை அங்கேயே மண்ணில் தாட்டுவிட்டுச் சனத்தோடு சேர்ந்து நடந்தார்கள்.

இப்போது அவளுக்கு ஐந்து மாதம். இந்த முறை எழும்பாமல் ஒரே இடத்தில் இருந்து பெறவேண்டும். அவள் அவனிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

இடம் கொடுத்தவர் தில்லைநாதன். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர். குடியேற்றத் திட்டம் வந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து காடு வெட்ட வந்த குடும்பம். அந்த வரிசையில் எத்தனையோ படலைகளில் நின்று கேட்டும், உள்ளே வாருங்கோ என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், வாய்க்கால் ஓரம், இடத்தைத் தானே நடந்து காட்டினார். கொட்டில் போடக் கப்பு நட மரமும் கொடுத்தார். ஸ்ரனிஸ்லஸ் அவருடைய வயலில் வேலை செய்தான். வேலை இல்லாத நாளில் குளத்தில் தூண்டில் போட்டு ஜப்பான் மீன் பிடித்தான். கடலில் வளர்ந்தவனுக்கு அது மீனே இல்லை, சேற்று மணம். ஆனாலும் நல்லதாக இரண்டைப் பார்த்துப் பெரிய வீட்டுக் குசினிக்குக் கொடுப்பான். வாங்கிக்கொள்வார்கள்.

தண்ணீர் மட்டும் வேறு கதை. கிணறு ஓலை மறைப்புக்குள் இருந்தது. ஜெயரூபினி குடத்தை மறைப்புக்கு வெளியே உள்ள கல்லில் வைப்பாள். தில்லைநாதனின் மனைவி நாகேஸ்வரி உள்ளே அள்ளி, வெளியே கொண்டுவந்து ஊற்றுவார். “நீ பிள்ளைத்தாச்சி, குனியக் கூடாது,” என்பார் அன்பாக. அவள் பிள்ளைத்தாச்சி ஆவதற்கு முந்தி, துலா இழுக்கப் பாரம் என்ற காரணம் இருந்தது. வாய்விட்டு யாரும் எதுவும் சொல்வதில்லை. சாதி என்று வாய் திறந்தால், அங்கே ஆட்சி நடத்துகிற இயக்கம் விசாரணைக்குக் கூப்பிடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே அது வாயை விட்டு இறங்கி வாளிக்குள் போய் இருந்துகொண்டது.

விளையாட்டுக்கு முதலில் வந்தவன் தில்லைநாதனின் மகன் லக்ஷன். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டோடு இருந்தான். இயக்கத்துக்குப் போய்விடுவான் என்ற பயத்தில் தகப்பன் படலைக்கு வெளியே விடுவதில்லை. புத்தகத்தில் படம் பார்க்க வந்தவன் அப்படியே ஒட்டிக்கொண்டான். அடுத்து ட்ரக்டர் ஓட்டுகிற சின்னராசா. மண்ணெண்ணெய் கிடைத்தால் ட்ரக்டர், கிடைக்காவிட்டால் சின்னராசா சும்மா. அந்த ஆண்டு அவன் பெரும்பாலும் சும்மா. அந்தப் போகம் நெல்லுக் கொட்டில் காலியாய்க் கிடந்தது, அங்கே பின்னேரங்களில் கூடினார்கள். உரப்பையை வெட்டி விரித்து, கரியால் கட்டம் போட்டார்கள். இருபது முகமுள்ள தாயக்கட்டை வேண்டும் என்றது புத்தகம். அப்படி ஒன்றை அந்த ஊரில் எவரும் கண்டதில்லை. புளியங்கொட்டையில் இலக்கம் கீறிப் பால்மாப் பேணிக்குள் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள்.

ஜெயரூபினி சும்மா பார்க்க வந்து, மூன்றாம் நாள் எல்லோரையும்விட நன்றாக ஆடினாள். அவள் எடுத்தது இடுப்பளவு ஆள். லக்ஷன் பாதிப் பூதம். சின்னராசா கட்டையன்.

சாதிக்குச் சாதி நடை வேறு. மனிதருக்கு ஒரு முறைக்கு முப்பது அடி. கட்டையருக்கும் சின்ன ஆட்களுக்கும் இருபது. கட்டையருக்கு ஒரு விசேஷம், எவ்வளவு பாரம் ஏற்றினாலும் அவர்களின் வேகம் குறையாது.

“அண்ணை, அப்ப என்ர கட்டையன் மணித்தியாலத்துக்கு எத்தனை கட்டை போவான்?” என்றான் சின்னராசா. அங்கே மைலுக்கும் கட்டை என்றுதான் பெயர்.

“இரண்டு.”

“ட்ரக்டரை விட வேகம்தான்.”

ஸ்ரனிஸ்லஸுக்குப் பிடித்தது உடம்பின் அளவைப் பற்றிய அத்தியாயம். யார் எவ்வளவு இடம் பிடிப்பார் என்பதற்குக் கணக்கு இருந்தது. மனிதருக்கு ஒரு கட்டம். பூதத்துக்கும் பாதிப் பூதத்துக்கும் நாலு. பெரிய உடம்புக்காரன் நிற்கிற இடத்துக்குள்ளால் சின்னவன் கால்களுக்கு இடையே புகுந்து போகலாம், ஆனால் அங்கே நின்றுவிட முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் எழுதிவைத்து, எல்லோரும் அதை ஒத்துக்கொண்டு நடப்பது அவனுக்கு அதிசயமாக இருந்தது. அப்படி ஒரு உலகத்தை அவன் கண்டதே இல்லை.

ஆனி மாதம் ஒரு பின்னேரம். ஜெயரூபினியின் ஆள் ஒடுங்கிய பாதையில் மாட்டிக்கொண்டது. பின்னால் நெருப்பு வருகிறது. முன்னால் லக்ஷனின் பூதம் வழியை அடைத்து நிற்கிறது.

“தம்பி, தள்ளும். நான் வரவேணும்.”

“என்னெண்டக்கா தள்ளுறது? எனக்கே இடம் காணாது. நான் நாலு கட்டம்.”

“அப்ப நான் உம்மட இடத்துக்குள்ள வந்து நிக்கிறன்.”

“நிக்கேலாது. உங்கட சாதி சின்னச் சாதி. எங்கட இடத்துக்கு நடுவால போகலாம், நிக்கேலாது. என்னண்ணை, அப்பிடித்தானே?”

ஸ்ரனிஸ்லஸ் பக்கத்தைப் புரட்டினான். “ஓம். போகலாம். நிக்கேலாது.”

“அதுவும் இருபது அடிக்குள்ள போய் முடியவேணும்,” என்றான் லக்ஷன். “சின்னச் சாதிக்கு இருபது அடிதான்.”

“நல்ல நியாயம்,” என்றாள் ஜெயரூபினி. குரல் உயர்ந்தது. “பெரிய சாதி எண்டாப்போல நாலு பேற்ற இடத்தை நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிப்பியள். எங்கட சாதி நெருப்புக்க நிண்டு சாகவோ?”

“அக்கா, மெல்லமாக் கதையுங்கோ,” என்றான் சின்னராசா. “மற்றப் பூதம் எழும்பிடும்.”

அவள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பாலை மரத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து ஸ்ரனிஸ்லஸ் கண்டதில்லை.

மூன்றாம் நாள் சைக்கிளில் ஒருவர் வந்தார். தில்லைநாதன் ஐயாவும், பின்வளவில் இருக்கிற கடற்கரை ஆளும் நாளைக்குக் காலமை ஒட்டுசுட்டானுக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர்ப் பிணக்குகளை விசாரிக்கிற இயக்கப் பொறுப்பாளர் கூப்பிடுகிறாராம்.

தில்லைநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே பின்வளவுக்கு வந்தார். “நீர் ஏதும் போய்ச் சொன்னனீரோ?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை ஐயா.”

“அப்ப உம்மையும் ஏன் கூப்பிடுகினம்?”

“தெரியாது ஐயா.”

அவர் போனபிறகு ஜெயரூபினி கொட்டிலுக்கு வெளியே வந்தாள். “இஞ்சருங்கோ, அங்க என்ன கேட்டாலும் அந்த மனிசனைக் காப்பாத்துங்கோ. அவருக்கு ஒரு சொல்லு வந்தா எங்களுக்கு இஞ்ச இருப்பில்லை.”

“உள்ளதைக் கேட்டா?”

“உள்ளதைத்தான் கேப்பினம். நீங்கள் இல்லாததைச் சொல்லுங்கோ. எனக்கு இஞ்ச பெறவேணும்.”

விசாரணை இடம் ஒரு மண் வீடு. மேசைக்குப் பின்னால் இருந்த பொறுப்பாளருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். தில்லைநாதனுக்கு ஒரு கதிரையைக் காட்டினார். ஸ்ரனிஸ்லஸுக்கும் பக்கத்திலேயே, அதே மாதிரி இன்னொரு கதிரை. தில்லைநாதனின் வீட்டில் அவன் எப்போதும் படியில்தான் இருப்பான். அவன் கதிரையின் நுனியில் உட்கார்ந்தான். தில்லைநாதன் தன்னுடையதைக் கொஞ்சம் எட்ட அரக்கி வைத்துக்கொண்டார்.

“ஐயா,” என்றார் பொறுப்பாளர் மரியாதையாக, “சின்னச் சாதி எங்கட இடத்துக்கு நடுவால போகலாம், ஆனா நிக்கேலாது. இது உங்கட வளவுக்குள்ள சொன்னதோ, இல்லையோ? றோட்டால போனவர் தன்ர காதால கேட்டிருக்கிறார். பிள்ளைத்தாச்சிப் பொம்பிளை ஒராள், எங்கட சாதி நெருப்புக்க நிண்டு சாகவோ எண்டு கத்தினதாம்.”

தில்லைநாதன் கதிரையில் முன்னுக்கு வந்தார். “என்ர வீட்டில அந்தக் கதையே இல்லைத் தம்பி.”

“சொன்னது உண்மை,” என்றான் ஸ்ரனிஸ்லஸ்.

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

“ஆனா சொன்னது பூதம்.”

அவன் மடியில் இருந்த புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்தான். கட்டம், அடி, நெருப்பு, பாதை என்று எல்லாவற்றையும் சொன்னான். பதற்றத்தில் சின்னராசாவின் கட்டையன் எவ்வளவு பாரம் சுமப்பான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். பொறுப்பாளர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இதில நான் என்ன சாதி?”

பகிடியா விசாரணையா என்று ஸ்ரனிஸ்லஸுக்குத் தெரியவில்லை. “நீங்கள் மனிசர்தானே தம்பி. முப்பது அடி.”

“அவ்வளவு வராது,” என்றார் பொறுப்பாளர். மேசைக்குக் கீழே தன் காலில் விரலால் தட்டினார். பிளாஸ்ரிக்கில் தட்டுகிற சத்தம் கேட்டது. “சின்னச் சாதியிலதான் போடவேணும்.”

அவரே சிரித்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

“இதுக்கு இனம் எண்டெல்லோ அண்ணை சொல்லவேணும். ஏன் போடேல்லை?”

“அந்தச் சொல்லுக்கு இப்ப நிறைய வேலை இருக்கு எண்டு விட்டிட்டன்.”

“சரி. விளையாட்டு எண்டதை ஒத்துக்கொள்ளுறன். நான் கேக்கிறது வேற.” இந்த முறை அவர் சிரிக்கவில்லை. “கிணத்தில தண்ணி ஆர் அள்ளுறது?”

ஸ்ரனிஸ்லஸ் தில்லைநாதனைப் பார்க்கவில்லை. பார்த்தால் பொய் பிடிபட்டுப்போகும் என்று தெரியும். “நாங்கள்தான் அள்ளுறனாங்கள்.”

“நீங்களே?”

“நானும் அள்ளுறனான், மனிசியும் அள்ளும்.”

“கப்பியோ துலாவோ?”

“துலா.” துலாவின் தலை மறைப்புக்கு மேலே எட்டத்தில் இருந்தே தெரியும்.

“என்ன கயிறு போட்டிருக்கு?”

வடம், தேங்காய்த் தும்பு, நைலோன், பருத்தி என்று எத்தனையோ கயிறு இழுத்துக் காய்த்துப்போன கைகள் அவனுடையவை. அந்த ஒரு கயிற்றை அவன் கண்டதில்லை. “தும்புக் கயிறு,” என்றான்.

பொறுப்பாளர் மற்றப் பக்கம் திரும்பினார். “அப்பிடியோ ஐயா?”

தில்லைநாதன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஓம். தும்புக் கயிறு.”

“நல்லது. போட்டு வாங்கோ.” புத்தகத்தை அவர் திருப்பித் தரவில்லை. “வாசிச்சுப்போட்டு அனுப்புறன் அண்ணை,” என்றார். அனுப்பவில்லை.

வரும்போது தில்லைநாதன் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். ஏறி ஓடவில்லை. அவனைப் பின்னால் ஏற்றவும் இல்லை. குளக்கட்டு தெரிகிற இடம் வந்தது. அங்கே நின்று, திரும்பாமலே சொன்னார்:

“அது நைலோன்.”

“என்ன ஐயா?”

“துலாக்கயிறு. மாசியில மாத்தினது.”

மறுபடி நடக்கத் தொடங்கினார். அது நன்றி சொல்கிற விதம் என்றுதான் ஸ்ரனிஸ்லஸ் முதலில் நினைத்தான். வீடு வந்து சேருவதற்குள் அப்படி இல்லை என்று தெரிந்துவிட்டது. அவர் பொய் சொன்னதை அவன் பார்த்திருந்தான். அவர் சொன்ன பொய்யே அவன் கொடுத்ததுதான்.

“காப்பாத்தினீங்களோ?” என்று ஜெயரூபினி கேட்டாள்.

“ஓம்.”

“அப்ப பயமில்லை.”

அவன் தூண்டிலை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனான்.

அடுத்த நாளில் இருந்து நாகேஸ்வரியைக் கல்லடியில் காணவில்லை. ஜெயரூபினி போகும்போது குடம் நிறைந்து இருக்கும். யார் அள்ளினார், எப்போது ஊற்றினார் என்று தெரியாது. லக்ஷன் நெல்லுக் கொட்டில் பக்கம் வரவில்லை. ஸ்ரனிஸ்லஸ் கொடுத்துவிட்ட மீனைக் குசினிக்குள் வாங்கவில்லை. வீட்டில் மரக்கறி என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வாரம் முழுக்க மரக்கறி. வயலுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். ஒருவரும் அவனை வேண்டாம் என்று சொல்லவில்லை. வரச்சொல்லவும் இல்லை.

ஆடி நடுவில் தில்லைநாதன் பின்வளவுக்கு வந்தார். ஜெயரூபினி பாயை உதறிப் போட்டாள். அவர் இருக்கவில்லை.

“மகள் ஆக்கள் வரப்போகினம். இடம் வேணும்.”

மகள் பிரஷாந்தினி கட்டிப்போனது செட்டிகுளத்துக்கு. அது ஆமிப் பக்கம். நடுவில் சண்டை. வைகாசிக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு குருவியும் இந்தப் பக்கம் வரவில்லை. அது ஸ்ரனிஸ்லஸுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

“எப்ப ஐயா வருகினம்?”

“கெதியில.”

“பிள்ளை பிறக்குமட்டும் விட்டீங்களெண்டா,” என்றாள் ஜெயரூபினி. “மருத்துவிச்சி அம்மாவோடயும் கதைச்சு வைச்சிட்டன் ஐயா. புரட்டாதி முடிய நாங்களே எழும்புறம்.”

“பிள்ளை, உங்களில நான் ஒரு குறையும் சொல்லேல்லை. நீங்கள் நல்ல ஆக்கள்.” அவர் மாட்டுக்கொட்டிலைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். “எனக்கு என்ர வளவுக்குள்ள நிமிந்து நடக்கேலாமக் கிடக்கு.”

வந்த வழியே திரும்பினார்.

அவர் போன பிறகு ஜெயரூபினி நெடுநேரம் பாயைச் சுருட்டாமல் நின்றாள். “காப்பாத்தச் சொன்னது நான்தான்,” என்றாள்.

“உள்ளதைச் சொல்லியிருந்தா அண்டைக்கே எழுப்பியிருப்பார்.”

“அப்ப எதைச் சொல்லியிருக்கவேணும்?”

ஸ்ரனிஸ்லஸ் யோசித்தான். எந்தப் பக்கத்தால் போனாலும் அந்தக் கேள்வி அதே இடத்தில் வந்து நின்றது. “ஒண்டும் இல்லை,” என்றான்.

எழும்புகிற நாளன்று தில்லைநாதன் எங்கேயோ அலைந்து இரண்டு போத்தில் மண்ணெண்ணெய் கொண்டுவந்து சின்னராசாவின் ட்ரக்டருக்குக் கொடுத்தார். கொட்டிலின் மரத்தையும் கூரைக் கிடுகையும் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னார். ஒரு சாக்கு நெல்லும் வைத்தார். அவ்வளவு மண்ணெண்ணெய் அவர் தன் வயல் உழ ஊற்றி அந்த ஆண்டு ஒருவரும் கண்டதில்லை. லக்ஷன் கப்பு பிடுங்க உதவினான். கடைசி மரத்தை ஏற்றும்போது ஸ்ரனிஸ்லஸின் பக்கத்தில் வந்து நின்றான்.

“அண்ணை, நான் அப்பாவோட கதைச்சனான்.”

“என்ன சொன்னவர்?”

“ஒண்டும் சொல்லேல்லை. சாப்பிடாமல் எழும்பிப் போட்டார்.”

“இனிக் கதையாதையும் தம்பி. அவருக்கும் கஷ்டம்.”

“நீங்கள் எங்க போறியள்?”

“புதுக்குடியிருப்புப் பக்கம். கேட்டுக் கேட்டுத்தான்.”

லக்ஷன் தலையாட்டினான். மேற்கொண்டு சொல்ல அவனுக்கு வயதும் காணாது, வளவும் அவனுடையதில்லை.

மண்ணெண்ணெய் பாதி வழிக்குத்தான் போதுமாயிருந்தது. சின்னராசா அவர்களைச் சந்தியில் இறக்கி, மரம் கிடுகை ஒரு தெரிந்த வளவில் போட்டுவிட்டு, நெற்சாக்கைத் தன் பழைய சைக்கிளில் ஏற்றிக் கட்டி அவர்களிடம் தந்தான். பகிடி ஒன்று சொல்ல வாயெடுத்தான். ஜெயரூபினியின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். ட்ரக்டரைத் திருப்பிக்கொண்டு போனான்.

இருவரும் நடந்தார்கள். அவளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. நிழல் கண்ட இடமெல்லாம் அவள் நின்றாள். அவன் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி அவள் போதும் என்கிற வரைக்கும் காத்து நின்றான். படலைகளில் கேட்டார்கள். ஒரு வளவில் ஏற்கெனவே கிளிநொச்சியில் இருந்து வந்த ஏழு குடும்பம். இன்னொன்றில் நாய் மட்டும். இன்னொன்றில், நாளைக்கு வாருங்கோ.

வெயில் சரிகிற நேரம் ஒரு மரமுந்திரிக் காணியின் முன்னால் நின்றார்கள். ஐயாத்துரை என்று ஒருவர், சாறத்தோடு, பல்லுக்குச்சியை வாயில் வைத்தபடி படலைக்கு வந்தார். சைக்கிளைப் பார்த்தார். ஜெயரூபினியின் வயிற்றைப் பார்த்தார்.

“எவடம் நீங்கள்?”

“முல்லைத்தீவு ஐயா.”

“அது கதையில தெரியுது. முல்லைத்தீவில எந்தப் பகுதி?”

ஸ்ரனிஸ்லஸ் வாய் திறக்கிறதுக்குள் ஜெயரூபினி முந்தினாள். “கடற்கரை ஆக்கள் ஐயா. கடல் தொழில். முதலே சொல்லிப்போட்டு வாறம்.”

“நான் அதுக்குக் கேக்கேல்லைப் பிள்ளை,” என்றார் ஐயாத்துரை. குச்சியைத் துப்பினார். படலையைத் திறந்துவிட்டார். உண்மையிலேயே கெட்ட மனிதர் இல்லை. காணியின் அந்தத் தொங்கலைக் கையால் காட்டினார், பற்றை மூடிக் கிடந்த மூலையை. “அதில கொட்டில் அடிச்சுக்கொண்டு இருங்கோ. பாம்பு பாத்து வெட்டவேணும்.”

“பெரிய உதவி ஐயா.”

“தண்ணிக்குப் பள்ளிக்கூடத்தடியில குழாய்க்கிணறு இருக்கு. இஞ்சத்தக் கிணறு ஊத்துக் குறைவு, வீட்டுக்கே காணாது.”

வீட்டுக்குப் பக்கத்தில் இறைத்த ஈரம் காயாமல் நின்ற வாழைகளை ஸ்ரனிஸ்லஸ் பார்த்தான்.

“எவ்வளவு தூரம்?” என்று ஜெயரூபினி கேட்டாள்.

“கிட்டத்தான். ஒரு கட்டை வராது.”

அவள் சைக்கிள் ஹாண்டிலில் கட்டியிருந்த குடத்தை அவிழ்க்கத் தொடங்கினாள். “விடும், நான் போறன்,” என்றான் அவன். “நீங்கள் பற்றையை வெட்டுங்கோ, இருட்டப்போகுது,” என்று சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் வைக்க இடமில்லாமல் கையில் தூக்கிக்கொண்டு, அவள் வந்த வழியே நடந்தாள்.